92 மில்லிமீட்டர்: சவோல்ஷியே எஞ்சின் ஆலைக் குறிப்புகள்

ஜனவரி 9
ரஷ்யாவின் கோர்க்கி (இன்றைய நீஷ்னி நோவ்கரத்) நகருக்கு மேலே வோல்கா ஆற்றில் நீர்மின் அணை கட்டியபோது வளர்ந்த ஊர் சவோல்ஷியே. அணைக்கட்டுமானத்தின் பட்டறைகளை அடித்தளமாக வைத்து 1958இல் மோட்டார் ஆலை தொடங்கியது. மறு ஆண்டே வோல்கா காருக்கான எஞ்சின் தயாரானது.

ஜனவரி 11
அந்த எஞ்சினின் துளை (சிலிண்டரின் உள்விட்டம்) 92 மி.மீ., ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 92. நாலு சிலிண்டருக்கு 2.445 லிட்டர். கோர்க்கி கார் ஆலையின் காஸ்-53 லாரியின் வி8 எஞ்சினிலும் துளை அதே 92தான், ஸ்ட்ரோக் மட்டும் 80, 4.25 லிட்டர், 115 குதிரைத்திறன். ஆலையின் வரலாற்றைப் படிக்க இந்த ஒரு எண் போதும்.

ஜனவரி 16
வோல்கா எஞ்சினின் பிளாக் (எஞ்சினின் உடல்) அலுமினியம். உள்ளே வார்ப்பிரும்பு லைனர், அதாவது பிஸ்டன் ஓடும் குழாய்; அதன் வெளிப்பக்கம் நேரே தண்ணீரில் நிற்கும். அடியில் மெல்லிய செம்பு வளையம். மேலே ஹெட்தான் (சிலிண்டர்களின் மூடி) அழுத்திப் பிடிக்கிறது. ஹெட்டைக் கழற்றிவிட்டு கிராங்கை (பிஸ்டன்களை இயக்கும் தண்டை) சுற்றினால் பிஸ்டனோடு லைனரும் எழும்பும். செம்பு வளையம் இடம் பெயரும், தண்ணீர் சம்பில் (அடியிலுள்ள ஆயில் தொட்டியில்) இறங்கும். அதனால் முதலில் ஹெட் ஸ்டட்டுகளில் வாஷரும் குழாய்த் துண்டும் போட்டு நட் முடுக்கி லைனர்களை அமுக்க வேண்டும், பிறகுதான் கிராங்கைத் தொடலாம். பூட்டும்போது லைனர் பிளாக் மட்டத்தைவிட 0.02 முதல் 0.10 மி.மீ. வரை உயர்ந்திருக்க வேண்டும். குறைந்தால் ஹெட் கேஸ்கெட் அங்கே இறுகாது.
ஹெட் நட்டை எஞ்சின் ஆறிய பிறகே முடுக்கவும். சூட்டில் அலுமினியம் எஃகு ஸ்டட்டைவிட அதிகம் விரிந்திருக்கும். ஆறினால் பிடி தளரும்.

ஜனவரி 17
வால்வைத் திறக்கத் தள்ளும் புஷ்ராட் துராலுமின் (அலுமினியக் கலவை) குழாய், முனைகள் மட்டும் எஃகு. பிளாக் விரியும் அளவுக்கு இதுவும் விரிவதால் வால்வ் இடைவெளி பெரிதாக மாறாது. கெட்டிக்காரத்தனம்! ஆறிய எஞ்சினில் 0.35–0.40 மி.மீ.; இரு ஓர வால்வுகளுக்கு, அதாவது 1க்கும் 8க்கும், 0.30–0.35.

ஜனவரி 24
கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீல் இல்லை, கிராஃபைட் ஏற்றிய கல்நார்க் கயிறு. பாதி பிளாக்கில், பாதி கீழ்ப் பிடிப்பானில். உருளையால் அழுத்தித் தட்டி, முனையைக் கூரிய கத்தியால் ஒரே வெட்டாக வெட்ட வேண்டும். பிசிறு நின்றால் அந்த வழியே ஆயில் ஒழுகும். இதே வோல்கா எஞ்சினின் பிற்கால வடிவமான 402க்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்ததும் இந்தக் கயிறுதான்.

ஜனவரி 30
சோவியத் கலைந்த பின் ஆலையின் புது எஞ்சின் 406: 92×86, 16 வால்வு, வார்ப்பிரும்பு பிளாக். தனி லைனர் போயிற்று, கயிறும் போயிற்று. பதிலுக்கு வால்வுகளைக் கிராங்கோடு இணைக்கும் இரண்டு டைமிங் செயினும், அவற்றை இறுக்கிப் பிடிக்கும் ஹைட்ராலிக் டென்ஷனரும் வந்தன. முன்பக்கம் சலசலத்தால் டென்ஷனரை முதலில் பார்க்கவும்.