டி செல்லின் சிக்னலில் கழற்றும் நொதிகளுக்கும் இடம் கொடுங்கள்

நோய் எதிர்ப்பு வெள்ளையணுவான டி செல்லுக்குள் சிக்னல் எப்படிப் போகிறது என்று கேட்டால், பெரும்பாலோர் கைனேஸ்களின், அதாவது புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டும் நொதிகளின், வரிசையைத்தான் ஒப்பிப்பார்கள். செல்லின் மேலிருக்கும் ஏற்பி ஆன்டிஜனை (எதிர்ப்பைத் தூண்டும் துண்டை) பிடிக்கும், எல்சிகே என்ற கைனேஸ் ஏற்பியில் பாஸ்பேட்டை ஒட்டும், ஸாப்-70 என்ற இன்னொரு கைனேஸ் வந்து சேரும், லாட் என்ற இணைப்புப் புரதத்தில் பாஸ்பேட் ஏறும், செல்லுக்குள் கால்சியம் உயரும். இதில் தவறில்லை. ஆனால் பாதிக் கதைதான் இது. ஒட்டிய பாஸ்பேட்டை அடுத்த நொடியே கழற்றிவிடக்கூடிய பாஸ்படேஸ்கள் எங்கே நிற்கின்றன என்று தெரியாமல் இந்த வரிசை புரியாது.

எல்சிகேவையே எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டு டைரோசின்கள் (பாஸ்பேட் ஏறக்கூடிய அமினோ அமிலங்கள்) முக்கியம்: 394ஆம், 505ஆம் இடங்களில் இருப்பவை. வால்பகுதியில் இருக்கும் 505இல் சிஎஸ்கே என்ற கைனேஸ் பாஸ்பேட்டை ஒட்டினால், அந்த வால் எல்சிகேயின் சொந்த எஸ்ஹெச்2 பகுதியிலேயே (பாஸ்பேட் ஏறிய டைரோசினைப் பிடிக்கும் பகுதி) போய்ப் பிடித்துக்கொள்ளும். நொதி மூடிக்கொள்ளும். சிடி45 என்ற பாஸ்படேஸ் அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றினால் திறக்கும். திறந்த எல்சிகே 394இல் பாஸ்பேட் ஏறினால் முழு வீச்சில் வேலை செய்யும். சிக்கல் இங்கேதான்: சிடி45 அந்த 394இலிருந்தும் பாஸ்பேட்டைக் கழற்றும். ஒரே நொதி திறக்கவும் செய்கிறது, அடக்கவும் செய்கிறது. சிடி45 அறவே இல்லாத செல்லில் எல்சிகே மூடியே கிடப்பதால் ஏற்பியைத் தூண்டினாலும் பலனில்லை. கொஞ்சம் சிடி45 இருந்தாலே 505 திறந்துவிடும்; 394ஐத் துடைக்க அதைவிட அதிகம் வேண்டும். ஆகவே 'சிடி45 தூண்டுமா, தடுக்குமா' என்று ஒற்றை வரியில் பதில் கேட்பதில் பொருளில்லை. எவ்வளவு இருக்கிறது, செல்லின் எந்த இடத்தில் இருக்கிறது என்றுதான் கேட்க வேண்டும்.

ஓய்வில் இருக்கும் டி செல்லிலும் ஒரு பங்கு எல்சிகே செயல்நிலையில்தான் இருக்கிறது. அப்படியானால் ஏன் சும்மா இருக்கிறது? ஒட்டிய வேகத்தில் கழற்றப்படுகிறது, அவ்வளவுதான். ஏற்பி ஆன்டிஜனைப் பிடிக்கும்போது இரு செல்களின் சவ்வுகளும் ஏறத்தாழ 15 நானோமீட்டர் இடைவெளிக்கு நெருங்குகின்றன. சிடி45இன் வெளிப்பகுதி அதைவிட நெடியது. அந்தச் சந்துக்குள் அடங்காமல் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது. உள்ளே மாட்டிய ஏற்பிகளைச் சுற்றிக் கழற்றும் ஆள் குறைந்ததும், பாஸ்பேட்கள் நிலைக்கத் தொடங்குகின்றன.

நிலைப்பது ஏன் முக்கியம் என்பதற்கு ஸாப்-70 நல்ல சான்று. ஓர் ஏற்பித் தொகுதியின் உட்பக்க வால்களில் ஐடாம் எனப்படும் பத்துப் பகுதிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு டைரோசின்கள். ஸாப்-70 தன் இரண்டு எஸ்ஹெச்2 பகுதிகளாலும் ஒரே ஐடாமின் இரு பாஸ்பேட்களையும் சேர்த்துப் பிடித்தால்தான் உறுதியாக நிற்கும். ஒன்று கழன்றால் பிடி தளர்ந்துவிடும். அடுத்த படி இன்னும் நேர்த்தியானது. லாட்டின் 132ஆம் டைரோசினுக்கு முன்னால் இருப்பது கிளைசின். அமில அமினோ அமிலம் முன்னால் இருந்தால்தான் ஸாப்-70க்கு வசதி. அதனால் இந்த இடத்தில் பாஸ்பேட் ஏறுவது மெதுவாகவே நடக்கும். கால்சியத்தைக் கிளப்பும் நொதியான பிஎல்சி காமா1 வந்து அமர்வதும் இதே இடத்தில்தான். உடலின் சொந்தப் பெப்டைடுகள் நொடிகளில் விலகிவிடுவதால், இந்த மெதுவான படி முடியுமுன் சிக்னல் கலைந்துவிடுகிறது.

கழற்றுவதென்றால் எப்போதும் அடக்குவது என்றும் எண்ண வேண்டாம். ஜீன்களை இயக்கும் புரதமான என்ஃபாட் செல்லின் உட்கருவுக்குள் நுழைய வேண்டுமானால் கால்சினியூரின் என்ற பாஸ்படேஸ் அதன் பாஸ்பேட்களைக் கழற்றியாக வேண்டும். சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் ஆகிய மருந்துகள் தடுப்பது இந்தப் பாஸ்படேஸைத்தான். 1991இல் இது தெளிவானது. உறுப்பு மாற்றம் செய்துகொண்டு இம்மருந்துகளை எடுப்பவர்களின் எதிர்ப்பாற்றல் அடங்குவது இதனால்தான்.

இதையெல்லாம் ஆய்வகத்தில் வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களைப் பிரித்து ஆன்டிபாடியால் பட்டைகளாகக் காட்டும் சோதனையில்) பார்க்க இறங்கினால், பல தோல்விகளுக்கும் காரணம் பாஸ்படேஸ்கள்தான். செல்லை உடைத்ததும் அவை கட்டுப்பாடின்றி எல்லாவற்றையும் துடைக்கும். ஆகவே செல்லை உடைக்கும் கரைசலான லைசிஸ் பஃபர் பனிக்குளிர்ச்சியில் இருக்க வேண்டும். அதில் டைரோசின் பாஸ்படேஸ்களைத் தடுக்க 1 மில்லிமோலார் சோடியம் ஆர்த்தோவனடேட்டும், சீரின்-த்ரியோனின் பாஸ்படேஸ்களுக்காக சோடியம் ஃபுளோரைடும் இருக்க வேண்டும். வனடேட்டை அப்படியே கரைத்து ஊற்றினால் போதாது. 200 மில்லிமோலார் கரைசலை பிஹெச் 10க்குக் கொண்டுவந்தால் மஞ்சளாகும். நிறம் போகும்வரை கொதிக்கவிட்டு, ஆறியதும் மறுபடி பிஹெச் 10க்குச் சரிசெய்து, நிறமற்றும் பிஹெச் மாறாமலும் நிற்கும்வரை திரும்பச் செய்ய வேண்டும். மஞ்சள் என்பது மூலக்கூறுகள் திரண்டு நிற்பதன் அடையாளம். அந்த வடிவம் டைரோசின் பாஸ்படேஸ்களைச் சரியாகத் தடுக்காது. அதே பஃபரில் உலோக அயனிகளைப் பிடிக்கும் ஈடிடிஏவோ ஒடுக்கியான டிடிடியோ சேர்த்தால் வனடேட்டின் வேலையும் வீண்.

செல்களை 37 டிகிரிக்குச் சூடாக்கிய பிறகே, ஏற்பியின் சிடி3 பகுதியைப் பிடித்துத் தூண்டும் ஓகேடி3 ஆன்டிபாடியைச் சேர்க்க வேண்டும். ஐடாம், ஸாப்-70 பாஸ்பேட்கள் ஒன்றிரண்டு நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும், பிற்படியில் வரும் கைனேஸான எர்க் ஐந்து நிமிடம் அளவில். பத்து நிமிடத்தில் மட்டும் மாதிரி எடுத்துவிட்டு ஸாப்-70 வேலை செய்யவில்லை என்று முடிவெடுப்பது மோசமான தவறு. பிளாட் சவ்வின் வெற்றிடங்களை மறைக்கப் பால் பொடி வேண்டாம். அதிலுள்ள கேசினே பாஸ்பேட் கொண்ட புரதம். 5 சதவீத பிஎஸ்ஏ (மாட்டு ரத்த அல்புமின்) நல்லது. எல்சிகே 394க்குப் பலரும் பயன்படுத்தும் சார்க் 416 ஆன்டிபாடி (உறவுக் கைனேஸான சார்க்கின் 416ஆம் டைரோசினுக்கானது) அதே குடும்பத்து ஃபின் கைனேஸையும் அடையாளம் காணும். எல்சிகேவைத் தனியே பிரித்தெடுத்த பிறகு பார்த்தால்தான் அந்தப் பட்டையை நம்பலாம். ஆய்வகங்களில் வளர்க்கும் டி செல் வகையான ஜுர்காட் செல்களில், பிஐபி3 என்ற சவ்வுக் கொழுப்பிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றும் பிடென்னும் ஷிப்1ம் இல்லை. பிஐபி3 எப்போதும் கூடியிருப்பதால், அதைப் பிடிக்கும் ஐடிகே என்ற கைனேஸ் தூண்டாமலே சவ்வில் உட்கார்ந்திருக்கும். பிஐபி3ஐ உருவாக்கும் பிஐ3கே நொதியின் பக்கம் எதைச் சொல்வதானாலும் இயல்பான டி செல்லிலும் பார்த்துவிட்டே சொல்ல வேண்டும்.

கட்டுப்பாட்டு மாதிரியாக பெர்வனடேட் வைப்பது நல்ல வழக்கம். வனடேட்டையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கலந்து செல்களுக்குக் கொடுத்தால், ஆன்டிஜனும் ஆன்டிபாடியும் இல்லாமலே டைரோசின் பட்டைகள் வரிசையாகத் தெரியும். கழற்றுபவர்களை நிறுத்தியதும் ஒட்டுபவர்களின் ஓயாத வேலை கண்ணுக்குத் தெரிகிறது. இதைவிட நேரடியான சான்றை நான் காட்ட முடியாது.

இன்னொரு கட்டுப்பாடு, பிஎம்ஏ, அயனோமைசின் என்ற இரு வேதிப்பொருள்கள் சேர்ந்தது. இவை ஏற்பியையும் எல்சிகே, ஸாப்-70, லாட்டையும் தாண்டிக் கீழே நேரடியாகத் தூண்டும். ஆன்டி-சிடி3க்கு அசையாத செல் இவற்றுக்குப் பதில் தந்தால், கோளாறு மேல்படிகளில். 1994இல் விவரிக்கப்பட்ட பிறவி நோயான ஸாப்-70 குறைபாட்டில் இதே தோற்றம்தான்: இரத்தத்தில் சிடி8 செல்கள் (கொல்லும் வகை டி செல்கள்) இருக்காது, சிடி4 செல்கள் (உதவும் வகை) எண்ணிக்கையில் இருந்தும் ஏற்பி வழியாகத் தூண்டினால் பெருகாது. மொத்த லிம்ஃபோசைட் எண்ணிக்கை இயல்பாகத் தெரியலாம். பிறந்த குழந்தைகளுக்குச் செய்யும் ட்ரெக் சோதனையிலும் (புதிதாக உருவான டி செல்களின் டிஎன்ஏ வளையங்களை அளப்பது) தப்பிவிடலாம். திரும்பத் திரும்பக் கடுமையான தொற்று வரும் குழந்தைக்கு சிடி4, சிடி8ஐத் தனித்தனியாக எண்ணி, இந்த இரு தூண்டல்களையும் பக்கத்தில் பக்கத்தில் செய்து பார்ப்பது அதனால்தான் அவசியம்.