முதல் வீட்டுக்குப் போகும் முன்

குழந்தைகள் நலப் பணிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சட்டம் சொல்லித் தருவதில்லை. எழுதச் சொல்லித் தருகிறேன். போன வாரம் ஒரு பெண், ஒரு குழந்தையின் வீட்டைப் பார்த்துவிட்டு எழுதிய தன் முதல் குறிப்பைக் கொண்டுவந்தாள். "அம்மா அலட்சியமானவர்." அவ்வளவுதான். "கண்ணால என்னம்மா பார்த்தே?" என்றேன். யோசித்துச் சொன்னாள்: கழுவாத பாத்திரம் குவிந்து கிடந்தது, ஆனால் குழந்தைக்கு நகம் ஒட்ட வெட்டியிருந்தது, தலை வாரியிருந்தது. அதைத்தான் எழுத வேண்டும். "அலட்சியமானவர்" என்ற ஒற்றை வரியை நம்பி நாளைக்கு ஒரு பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்துவிடுவார்கள்.

அடுத்தது கேள்வி. "அப்பா அடிச்சாரா?" என்றால் பிள்ளை நம் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லும். "என்ன நடந்துச்சு, சொல்லு" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்த மௌனத்தைத் தாங்கப் பழகவே பலருக்கு மாதக்கணக்காகிறது. தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் குழந்தையின் கருத்தைக் கேட்கச் சொல்கிறது, 1989-ல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு.

எனக்குக் கோபம் வருவது ஒன்றில்தான்: பயிற்சி முடியும் முன்பே முழுச் சுமையையும் தலையில் கட்டிவிடுவது. முதல் சில வீடுகளுக்கு மூத்தவர் ஒருவர் கூடப் போயே ஆக வேண்டும். அந்தப் பெண்ணுடன் வியாழக்கிழமை நான் போகிறேன்.