எரிமலைக் குழாய்க் குகைகளில் சுவர்க்கோடுகளைப் படிக்கப் பழகிய அனுபவம்

தைப்பூசத்துக்கு மலேசியாவின் பத்துமலைக் குகைக்கோயிலுக்குச் சென்று 272 படிகளை ஏறிப் பழகிய குடும்பத்தில் பிறந்தவன் நான். குகை என்றாலே சுண்ணாம்புப் பாறையும் அதிலிருந்து சொட்டும் நீரும்தான் என் நினைவுக்கு வரும். 2019 ஏப்ரலில் தென்கொரியாவின் ஜேஜு தீவிலுள்ள மன்ஜாங் குகைக்குள் இறங்கியபோது அந்த இரண்டும் அங்கே இல்லை. தரை, சுவர், கூரை எல்லாம் கரிய நிறத்தில், பெருவிரைவு ரயில் ஓடும் சுரங்கம்போல வளைந்து நீண்டன. சுவர்களில் இடுப்பளவிலும் தோளளவிலும் யாரோ கோல் வைத்து இழுத்ததுபோல் கிடைக்கோடுகள் ஓடின. அந்தக் கோடுகள் என்னவென்று அறியும் ஆசையிலிருந்து தொடங்கியதுதான் இந்தப் பொழுதுபோக்கு.

சுண்ணாம்புக் குகையைத் தண்ணீர் நெடுங்காலமாக அரித்து உருவாக்குகிறது. எரிமலைக் குழாய்க் குகை அப்படிப்பட்டதன்று. 1,100 பாகை செல்சியசுக்கும் மேலான வெப்பத்தில் இளகி ஓடும் பசால்ட் எனும் கரிய எரிமலைப் பாறைக் குழம்பின் மேற்பரப்பு காற்றுப் பட்டு முதலில் ஆறுகிறது. காய்ச்சிய பாலில் ஆடை படிவதுபோல இறுகி, நாளடைவில் கூரையாகிவிடுகிறது. கூரை மூடியபின் உள்ளே ஓடும் குழம்பு வெப்பத்தை அதிகம் இழப்பதில்லை என்பதால், பல கிலோமீட்டர் தொலைவு வரை இளகிய நிலையிலேயே அதனால் ஓட முடிகிறது. எரிமலையின் வாயில் வரத்து குறைந்ததும் எஞ்சிய குழம்பு கீழ்நோக்கி வடிய, வெற்றுக் குழாய் மிஞ்சுகிறது. வரத்து ஒரேயடியாக நிற்காமல் படிப்படியாகக் குறைவதால், குழம்பின் மட்டம் எங்கெங்கே சற்று நின்றதோ அங்கெல்லாம் சுவரில் ஒரு விளிம்பு படிந்துவிடுகிறது. குளத்தின் படிக்கட்டில் பழைய நீர்மட்டத்தின் கறை நிற்பதைப் போன்றதே இது.

மன்ஜாங் குகையின் மொத்த நீளம் சுமார் 7.4 கிலோமீட்டர், நான் சென்றபோது ஒரு கிலோமீட்டர் அளவுக்கே பார்வையாளர்களை அனுமதித்தார்கள். அந்தப் பகுதியின் முடிவில், மேல்தளக் குழாயிலிருந்து கொட்டிய குழம்பு அப்படியே உறைந்து 7.6 மீட்டர் உயரத் தூணாக நிற்கிறது. எல்லோரும் அதன் முன்தான் படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது வழியில் கிடந்த ஆமைப் பாறைதான். கூரையிலிருந்து உடைந்து குழம்பில் விழுந்து மிதந்து வந்து தரைதட்டிய கல் அது. அதன் பக்கங்களில் உள்ள கோடுகளும் எதிர்ச்சுவரின் கோடுகளும் ஒரே உயரத்தில் பொருந்துகின்றன. அப்படியானால், அந்தக் கல் அங்கே வந்து நின்ற பிறகும் குழம்பு அதைச் சுற்றி ஓடி, படிப்படியாக வடிந்திருக்கிறது. ஒரு கல்லையும் ஒரு சுவரையும் சேர்த்துப் பார்த்தால் நிகழ்ந்தவற்றின் வரிசை தெரியும் என்பதை அன்றுதான் முதன்முதலாக உணர்ந்தேன். இந்தக் குகையை 1946-இல் தம் தொடக்கப்பள்ளி மாணவர்களுடன் தீப்பந்தம் ஏந்திச் சென்று ஆராய்ந்தவர் பூ ஜோங்-ஹியூ என்ற ஆசிரியர். பிள்ளைகளின் கையில் பந்தத்தைக் கொடுத்து உள்ளே நடந்த அந்த மனிதரின் துணிவை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

அடுத்த மூன்று ஆண்டுகள் பயணம் இல்லை. சிங்கப்பூரில் பயிற்சிக்கு ஏற்ற குகையும் இல்லை. ஆனால் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் கதவை அடைத்தால் கும்மிருட்டாகும் பாம் ஷெல்டர் என்ற பாதுகாப்பு அறை இருந்தது. பழைய பெட்டிகளையும் அரிசி மூட்டையையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, தலைவிளக்குகளை அங்கேதான் சோதித்தேன். வெள்ளைச் சுவரில் கண்ணைக் கூசவைத்த விளக்கு, அதே சுவரில் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டபோது பாதியாக மங்கிவிட்டது. பசால்ட் ஒளியை விழுங்கும் என்று கேள்விப்பட்டதன் பொருள் அப்போதுதான் விளங்கியது. சுவர்க்கோடுகளைக் காண, விளக்கைத் தலையில் வைத்து நேராக அடிப்பதைவிட, கையில் பிடித்துச் சுவரையொட்டிப் பக்கவாட்டில் அடிக்க வேண்டும் என்பதும் அந்தச் சின்ன அறையில் கற்றதே. நிழல் விழுந்தால்தான் விளிம்பு தெரியும்.

2022 நவம்பரில் ஜப்பானின் ஃபுஜி மலையடிவாரத்திலுள்ள சாய்கோ வௌவால் குகைக்குச் சென்றேன். 864-ஆம் ஆண்டு வெடிப்பின்போது வழிந்த குழம்பு உருவாக்கிய குகை அது. அங்கிருந்த பெரிய ஏரி ஒன்றைச் சாய்கோ, ஷோஜி என இரண்டாகப் பிரித்ததும் அதே வெடிப்புதான். கூரை மிகத் தாழ்வானது. பருத்திக் கையுறை போதும் என்று நினைத்துச் சென்ற எனக்கு, ஓரிடத்தில் கையை ஊன்றித் தவழ்ந்தபோது உள்ளங்கை கிழிந்தது. நுரைத்து உறைந்த பசால்ட் தேங்காய்த் துருவியைப் போன்றது. தோல் கையுறையும் முழங்கால் உறையும் இல்லாமல் அதில் இறங்கக் கூடாது. ஆனாலும் அன்று தரையில் கயிற்றுக் குழம்பை அருகிருந்து பார்த்தேன். ஆறிக்கொண்டிருக்கும் மேல்தோலை அடியில் ஓடும் குழம்பு இழுத்துச் சுருக்கியதால், முறுக்கிய வடங்களை அடுக்கி வைத்ததுபோல மடிப்புகள் கிடந்தன. ஒவ்வொரு மடிப்பும் வில்லாக வளைந்திருந்தது. ஓடையின் நடுப்பகுதி ஓரங்களைவிட வேகமாக ஓடும் என்பதால், வில்லின் வயிறு எந்தப் பக்கம் பிதுங்குகிறதோ அந்தப் பக்கமே குழம்பு சென்றிருக்கிறது. குகை எந்தத் திசையில் ஓடியது என்பதை யாரையும் கேட்காமல் நானே சொல்ல முடிந்த முதல் நாள் அது.

2023 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்திலுள்ள உண்டாரா. சுமார் 190,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே வழிந்த குழம்பு ஒரு திசையில் 160 கிலோமீட்டர் வரை சென்றிருக்கிறது. அங்கே குகையைவிட மேல்நிலமே எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. காய்ந்த புல்வெளிக்கு நடுவே ஆங்காங்கே அடர்பச்சைத் திட்டுகள் வரிசையாகத் தெரிந்தன. கூரை இடிந்த பள்ளங்களில் ஈரமும் மண்ணும் தங்கி, கொடிகள் பின்னிய காடு வளர்ந்திருக்கிறது. அந்தப் பச்சையைத் தொடர்ந்து நடந்தால் அடியில் ஓடும் குழாயின் போக்கு தெரிந்துவிடும். வழிகாட்டியோடுதான் உள்ளே இறங்க முடியும். அதைக் குறை கூற மாட்டேன். அப்பகுதியின் பேலிஸ் குகையில் கரியமில வாயு 6 விழுக்காட்டை நெருங்குகிறது; வெளிக்காற்றில் அது 0.04 விழுக்காடே. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

2024-இல் அம்மாவையும் அழைத்துக்கொண்டு மத்திய ஜாவாவின் பூர்பாலிங்காவிலுள்ள குவா லாவாவுக்குச் சென்றேன். ஸ்லாமெட் எரிமலையின் குழம்பு உண்டாக்கிய குகை அது. பெயரிலுள்ள 'லாவா' எரிமலைக் குழம்பைக் குறிப்பதன்று. ஜாவா மொழியில் அது வௌவால். நடைபாதையும் விளக்குகளும் இருந்ததால் அம்மாவுக்குச் சிரமம் இல்லை. "பத்துமலையில மேல ஏறுவோம், இங்க கீழ இறங்குறோம். சாமியும் இல்ல. எதைத்தான்டா பாக்க வந்த?" என்று கேட்டார். சுவரையொட்டி விளக்கை அடித்துக் கோடுகளைக் காட்டினேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, "பாயசம் வச்ச சட்டியில ஒட்டியிருக்குற மாதிரில்ல இருக்கு" என்றார். குளத்துக் கறையைவிட அதுவே சரியான உவமை, ஏனெனில் குழம்பு கறையை மட்டும் விட்டுச் செல்வதில்லை, தன்னையே ஒட்டிவிட்டுச் செல்கிறது.

இப்போது ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். கோடு தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் உள்ளது, கோட்டின்மேல் குழம்புச் சொட்டுகள் வழிந்திருக்கின்றனவா, அல்லது கோடு சொட்டுகளை வெட்டிச் செல்கிறதா என்று எழுதுகிறேன். சொட்டு கோட்டை மூடியிருந்தால் சொட்டு பிந்தியது. கோடு சொட்டை வெட்டியிருந்தால், அது உறைந்த பிறகு குழம்பு மீண்டும் அந்த உயரத்துக்கு ஏறியிருக்கிறது. இந்தக் கண்ணோடு 2019-இன் மன்ஜாங் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, தோளளவுக் கோட்டுக்குக் கீழே நறுக்கப்பட்டதுபோல் முடியும் மூன்று சொட்டுகளைக் கண்டேன். மட்டம் ஒரே சீராகக் குறைந்தது என்று அன்று எழுதிவைத்திருந்த வரியை அடித்துவிட்டேன்.

அடுத்தது ஹவாயின் கசுமுரா: 65 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளம், 1,101 மீட்டர் இறக்கம், உலகிலேயே மிக நீளமான எரிமலைக் குழாய்க் குகை. அதற்காகச் சனிக்கிழமைகளில் முழங்கால் உறை அணிந்து எங்கள் புளோக்கின் 16 மாடிகளையும் மூன்று முறை ஏறி இறங்குகிறேன். வௌவால்களைத் தாக்கும் பூஞ்சை ஒரு குகையிலிருந்து இன்னொன்றுக்குச் சேற்றோடு பரவக்கூடும் என்பதால், பழைய காலணிகளைக் கொண்டுசெல்லப் போவதில்லை. புதியவை கட்டிலுக்கடியில் பெட்டியைப் பிரிக்காமலே காத்திருக்கின்றன.