சி.எஸ்.ஐ.ஆர். நெட் லைஃப் சயின்ஸ்: ஒரே மருந்தை வைத்து செல் சைக்கிளைப் படித்த விதம்

சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வின் புற்றுநோய்ப் பகுதிக்கு எந்தெந்த மருந்துகளை மனப்பாடம் செய்ய வேண்டும் என்று ஜூனியர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். பட்டியல் எதுவும் வேண்டாம், ஒன்றை எடுத்து அடிவரை போங்கள் என்பேன். வினாத்தாளின் கடைசிப் பகுதியான பார்ட் சி-யில் ஒரு கேள்விக்கு 4 மதிப்பெண், தப்பானால் 1 போகும். அங்கே மருந்தின் பெயரைக் கேட்பது குறைவு. மருந்து கொடுத்த செல்லில் என்ன மாறும், எது மாறாது என்றுதான் கேட்பார்கள்.

நான் எடுத்துக்கொண்டது பால்போசிக்லிப். இன்று மார்பகப் புற்றுநோய்க்கு டாக்டர்கள் எழுதித் தரும் மாத்திரை. சோதனைக்கூடத்தில் இருந்த காலத்தில் அதற்குப் பெயர்கூடக் கிடையாது, பி.டி.-0332991 என்ற எண்தான்.

முதலில் பாதையைப் பார்த்துவிடலாம். செல் சைக்கிளில், டி.என்.ஏ. நகலெடுக்கும் எஸ் கட்டத்துக்கு முந்தையது ஜி1. அந்தக் கட்டத்தில் ஆர்.பி. என்ற புரதம், மரபணுக்களை முடுக்கும் ஈ2எஃப் என்ற புரதத்தைப் பிடித்து வைத்திருக்கும். வளரச் சொல்லிச் சமிக்ஞை வந்தால் சைக்ளின் டி என்ற புரதம் கூடும். அது சி.டி.கே.4, சி.டி.கே.6 என்ற இரண்டு நொதிகளோடும் சேர்ந்து ஆர்.பி.யின் மேல் பாஸ்பேட்டை ஏற்றத் தொடங்கும். மீதியை சைக்ளின் ஈ–சி.டி.கே.2 ஏற்றும். ஆர்.பி. பிடியை விட்டதும் ஈ2எஃப் போய் டி.என்.ஏ. நகலெடுக்கத் தேவையான மரபணுக்களை முடுக்கிவிடும். பால்போசிக்லிப் செய்வதெல்லாம் சி.டி.கே.4, 6 இரண்டிலும் பாஸ்பேட்டைத் தரும் ஏ.டி.பி. உட்காரும் இடத்தைப் பிடித்துக்கொள்வதுதான். பாஸ்பேட் ஏறாது, ஆர்.பி. பிடியை விடாது, செல் ஜி1-லேயே நின்றுவிடும்.

இதுவரை எந்தப் புத்தகத்திலும் இருக்கும். இதற்குப் பிறகு வருவதுதான் மார்க் வாங்கித் தரும் இடம். ஒரு வெள்ளைத் தாளில் எம்.சி.எஃப்.-7 என்ற மார்பகப் புற்றுநோய்ச் செல்லுக்கு ஒரு நாள் மருந்து கொடுத்ததாக எழுதிக்கொள்ளுங்கள். டி.என்.ஏ.வில் ஒட்டும் புரோபிடியம் அயோடைடு சாயம் ஏற்றி, ஒவ்வொரு செல்லின் ஒளிர்வையும் அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் விட்டால் படம் எப்படி வரும்? கையால் வரையுங்கள். 2என் (டி.என்.ஏ. இன்னும் நகலெடுக்காத செல்கள்) சிகரம் உயரும், நடுவில் உள்ள எஸ் கட்டப் பகுதி தேய்ந்துபோகும், 4என் (டி.என்.ஏ. இரட்டித்த செல்கள்) சிகரமும் குட்டையாகும். புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் பாஸ்பேட் ஏறிய ஆர்.பி.யின் பட்டை மங்கும், ஒப்பீட்டுக்கு வைக்கும் ஆக்டின் பட்டை அப்படியே இருக்கும். சாகும் செல்லைக் காட்டும் அனெக்ஸின் வி பெரிதாக அதிகரிக்காது, ஏனென்றால் இந்த மருந்தின் முதல் வேலை செல்லைக் கொல்வதல்ல, நிறுத்துவது. மருந்தைக் கழுவி எடுத்துவிட்டால் பெரும்பாலான செல்கள் மறுபடி சுழற்சிக்குள் வந்துவிடும். ‘வளர்ச்சி நின்றது’ என்று பார்த்ததும் அப்போப்டோசிஸ் (செல் தன்னைத் தானே கொன்றுகொள்வது) என்று டிக் அடிக்கிறவர்களுக்காகவே ஒரு ஆப்ஷன் காத்துக்கொண்டிருக்கும்.

அப்புறம் செல்லை மாற்றுங்கள். எம்.டி.ஏ.-எம்.பி.-468 என்ற இன்னொரு மார்பகப் புற்றுநோய்ச் செல்லில் ஆர்.பி. கிடையாது. பூட்டே இல்லாத கதவுக்குச் சாவியைப் பிடுங்கி என்ன பயன்? மருந்து கொடுத்தாலும் செல் பாட்டுக்குப் பெருகும். ஹீலா என்ற கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் செல்லில் ஆர்.பி. மரபணு இருக்கிறது, ஆனால் எச்.பி.வி. வைரஸின் ஈ7 புரதம் அதைச் செயலிழக்க வைத்துவிடுகிறது. அங்கும் மருந்து எடுபடாது.

எனக்குப் பிடித்த பொறி பி16 என்ற புரதம். அது நம் உடம்பிலேயே உள்ள சி.டி.கே.4/6 தடுப்பான், மருந்து செய்வதை அதுவே செய்கிறது. அப்படியானால் பி16 நிறைய உள்ள கட்டி வளரக் கூடாதே? ஆனால் ஆர்.பி.யை இழந்த கட்டிகளில்தான் பி16 எகிறிக் கிடக்கும், அதை அடக்கி வைக்கும் ஆர்.பி. இல்லாததால். ஆக, பி16 அதிகம் என்றால் இந்த மருந்து கேட்கும் என்று எழுதினால் 4-ம் போய் 1-ம் போகும்.

மருத்துவ விவரங்களில் ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டாம். 2015 பிப்ரவரியில் ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் லெட்ரோசோல் மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்க அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்தது. இந்தச் சேர்க்கையைச் சோதித்த பலோமா-1 ஆய்வில் நோய் முற்றாமல் இருந்த காலம் 10.2 மாதத்திலிருந்து 20.2 மாதமாகக் கூடியது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 21 நாள் மாத்திரை, 7 நாள் இடைவெளி. எலும்பு மஜ்ஜையின் முன்னோடிச் செல்களும் சி.டி.கே.6-ஐ நம்பியிருப்பதால் நியூட்ரோபில் என்ற வெள்ளணு குறைகிறது, நிறுத்தினால் மீள்கிறது. மேலே சொன்ன கழுவி எடுக்கும் சோதனையும் இதுவும் ஒரே கதைதான்.

இந்தத் தாள் முடிந்ததும் மருந்தை மட்டும் மாற்றி அதே படங்களை வரையுங்கள். செல் பிரிவதைத் தடுக்கும் டாக்ஸால் என்றால் செல்கள் 4என்-இல் குவியும், ஹைட்ராக்ஸியூரியா என்றால் எஸ் கட்டத் தொடக்கத்தில் நிற்கும். வரையும்போது ஒரு எச்சரிக்கை: ஜி0 (சுழற்சியை விட்டு ஓய்வில் இருப்பது), ஜி1 இரண்டுமே 2என் என்பதால் இந்தச் சாயத்தால் பிரித்துக் காட்ட முடியாது. கேள்வியில் அதைப் பிரிக்கச் சொன்னால் ஆப்ஷன்களில், சுழற்சியில் உள்ள செல்லில் மட்டும் தெரியும் கே.ஐ.-67 புரதம் இருக்கிறதா என்று தேடுங்கள்.