விடிந்தால் கட்டுரை

'காவிரி நீர்ப் பங்கீடு' என்பது தலைப்பு. இருபது பக்கம், கையால் எழுத வேண்டும், ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினால் பூஜ்யம். அசைன்மென்ட் கொடுத்து வாரக்கணக்கில் ஆகியிருந்தது. நாளை கடைசி நாள் என்ற மார்கழி இரவில்தான் கும்பகோணம் விடுதியில் ஐந்து பேரும் ஓர் அறையில் கூடினோம்.

கட்டுரை எழுத உட்காரும் இரவில்தான் விடுதி சுத்தமாகும். ஒருவன் கொசுவலை ஓட்டையைத் தைத்தான். இன்னொருவன் வாளியில் ஊறி நாற்றமெடுத்த துணிகளுக்கு அன்றுதான் விமோசனம் கொடுத்தான். அறந்தாங்கி ஜவுளிக்கடைக்காரர் மகன் முகப்பு அட்டைக்கு மேட்டூர் அணை வரைய ஆரம்பித்தான். 120 அடி என்று ஓரத்தில் அளவுகோல், நீல ஸ்கெட்ச் பேனாவில் அலை. பதினாறு கண் மதகில் பதினைந்து கண்தான் தாளுக்குள் அடங்கியது. கிழித்துப் போட்டுவிட்டு, கண்ணைச் சிறிதாக்கி மறுபடி தொடங்கினான். அட்டை முடிந்தபோது நள்ளிரவு. உள்ளே ஒரு வரி இல்லை.

டீ குடித்தால் எழுத்து வரும் என்று பேருந்து நிலையத்துக்கு நடந்தோம். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904-ல் உதவித்தொகையோடு சேர்ந்த ராமானுஜன், ஆங்கிலக் கட்டுரையில் தோற்று அந்த உதவித்தொகையை இழந்த கதையை ஒருவன் அங்கே ஆறுதலாகச் சொன்னான். எங்களில் ஒருவனுக்கும் கணக்கு வராது என்பதை யாரும் நினைவூட்டவில்லை.

திரும்பி வந்ததும் சண்டை. தமிழ்நாட்டின் பங்கு 419 டி.எம்.சி. என்கிறான் ஒருவன். 177.25 என்கிறான் மற்றவன். இரண்டும் உண்மையில் ஒன்றுக்கொன்று போட்டியே இல்லை. முதலாவது, 2007-ல் நடுவர் மன்றம் நமக்கு ஒதுக்கிய மொத்தப் பங்கு. நம் பக்கத்து மழையும் அதில் சேர்த்தி. இரண்டாவது, 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி கர்நாடகம் எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் தர வேண்டிய அளவு. இது புரிவதற்குள் ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி என்பதிலேயே இரண்டு பேர் மூழ்கிப்போனார்கள்.

மன்னார்குடிக்காரன்தான் சட்டென்று கைப்பேசியை எடுத்தான். "எங்கள் அப்பா விழித்திருப்பார். மும்முனை மின்சாரம் இந்நேரம்தான் வரும்."

உண்மைதான். மோட்டார் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் கேட்டது. இரண்டு மணிக்கு மகன் கூப்பிட்டதில் முதலில் பதறியவர், விஷயம் தெரிந்ததும் மடை திறந்துவிட்டார். சம்பா பால் பிடிக்கிற நேரம். முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள், கடைசி வயலுக்கு ஏறவில்லை. "கர்நாடகத்தோடு பேச மேலாண்மை ஆணையம் இருக்கிறது தம்பி. மேல்மடையை அடைத்துக்கொள்ளும் நம் பங்காளியோடு பேச எந்த ஆணையம் இருக்கிறது? அதையும் எழுது."

எழுதினான். அவன் எழுதிய பக்கம் மை காய்வதற்குள் அடுத்தவனிடம் போனது; அவனிடமிருந்து அதற்கடுத்தவனிடம். பெருமாள் கோயில் ஒலிபெருக்கி திருப்பாவையைத் தொடங்கியபோது கடைசிப் பக்கத்துக்கு ஓரக்கோடு போட்டுக்கொண்டிருந்தோம். பொருள் என்ன என்று பார்க்கும் நிலையில் யாரும் இல்லை. கை மட்டும்தான் விழித்திருந்தது.

அடுத்த வாரம் பேராசிரியர் கட்டுக்களோடு வகுப்புக்கு வந்தார். அவரும் விவசாயக் குடும்பம். "இந்த விடுதியில் ஐந்து பேருடைய அப்பாவும் ஒரே இரவில், ஒரே வயலில் மோட்டார் போட்டிருக்கிறார். ஐந்து பேருக்கும் ஒரே பங்காளி" என்றார். பிறகு கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஜவுளிக்கடைக்காரர் மகனைப் பார்த்தார்.

"உங்கள் அப்பா போட்டிருப்பது எத்தனை குதிரைத்திறன் மோட்டார் தம்பி?"

அவன் எழுந்து நின்று வெகுநேரம் யோசித்தான்.

"எங்கள் வீட்டில் குதிரை எல்லாம் கிடையாது ஐயா."

பேராசிரியரே சிரித்துவிட்டதால் பூஜ்யத்திலிருந்து தப்பினோம். மதிப்பெண் பட்டியலில் முதலிடம் குதிரை இல்லாதவனுக்குத்தான். முத்து முத்தான கையெழுத்து, போதாததற்குப் பதினாறு கண்ணும் உள்ள அட்டை. அப்பாவுக்குச் சொந்தக்காரனுக்கு மூன்று மதிப்பெண் குறைவு. கையெழுத்து சரியில்லையாம்.