கழற்றிய முட்டியைக் கேட்டு வாங்கினேன்

முழங்கால் மாற்று ஆபரேஷன் முடிந்து நாலாவது வருஷம், மாடிப்படி இறங்கும்போது முட்டிக்குள் ஏதோ நழுவியது. முதல் டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்தவர் எக்ஸ்ரேயில், செயற்கை மூட்டின் கீழ்த்தட்டை, அதாவது கால் எலும்பின் மேல் சிமென்ட் வைத்து ஒட்டும் தட்டைச் சுற்றி ஓடும் மெல்லிய கறுப்புக் கோட்டைக் காட்டினார். சிமென்ட் பிடிப்பு விட்டுத் தட்டு ஆடுகிறதாம். மறுபடி திறந்து மாற்ற வேண்டுமாம். என் மாடலில் சில லாட்டுகளை (ஒரே தொகுப்பாகத் தயாரானவற்றை) தயாரித்த கம்பெனியே திரும்பப் பெறுகிறது என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும்.

கொதிப்போடு வக்கீலிடம் போனேன். நான் பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "ஸ்டிக்கர் இருக்கா?" என்றார்.

பொருத்தும் ஒவ்வொரு பாகத்தோடும் மாடல் எண், லாட் எண் போட்ட ஸ்டிக்கர் வரும். அதை ஆபரேஷன் தியேட்டரிலேயே உரித்து நோயாளியின் ஃபைலில் ஒட்டுவார்கள். என் டிஸ்சார்ஜ் சம்மரியிலோ 'வலது முழங்கால் மாற்று' என்று ஒரே வரி. முழு ஃபைலின் நகலைக் கேட்டு இரண்டு முறை எழுதிய பிறகுதான் கிடைத்தது. தட்டின் லாட் எண், கம்பெனி திரும்பப் பெறும் லாட்டுகளின் பட்டியலில் இருந்தது.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். வக்கீல் சிரிக்கவில்லை. கிருமித் தொற்றாலும் தட்டு ஆடும், கோணம் தவறிப் பொருத்தினாலும் ஆடும். பொருத்தியதில் பிழை என்றால் டாக்டர் மீது வழக்கு, பொருளில் பிழை என்றால் தயாரித்தவர் மீது. பல நாட்டுச் சட்டங்களில் கம்பெனியின் அலட்சியத்தை நிரூபிக்கத் தேவையில்லை. ஆனால் பொருளில் குறை இருந்தது, அதனால்தான் பாதிப்பு வந்தது என்ற இரண்டையும் காட்டியாக வேண்டும். செயற்கை மூட்டுகள் தயாரித்த சுல்சர் கம்பெனி 2000 கடைசியில் செயற்கை இடுப்பு மூட்டுக் கிண்ணங்களையும் 2001-இல் முழங்கால் தட்டுகளையும் திரும்பப் பெற்றபோது, தயாரிப்பில் தங்கிய எண்ணெய்ப் பசைதான் காரணம் என்று தெரிந்தது. அந்த வழக்குகள் சுமார் 100 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தன. என் விஷயத்தில் காரணம் அப்படிக் கையில் கிடைக்கவில்லை.

சரி, சாட்சி எது? கழற்றப் போகும் தட்டுதான். சொல்லாமல் விட்டால் அது மருத்துவக் கழிவோடு போய்விடும். அதை எங்களுக்காக எடுத்து வைக்கச் சொல்லி ஆபரேஷனுக்கு முன்பே எழுதிக் கொடுத்தோம். தட்டின் அடிப்பக்கத்தில் சிமென்ட் ஒரு துளிகூட ஒட்டியிருக்கவில்லை, கழுவி வைத்த தட்டு மாதிரி பளபளவென்று இருந்தது. கம்பெனி ஆள் ஒருவர் 'ஆய்வுக்கு' என்று அதைக் கேட்டார். இரு தரப்பு நிபுணர்களும் இல்லாமல் யாரும் தொடக்கூடாது என்று வக்கீல் மறுத்துவிட்டார். மூட்டு நீர்ப் பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தது எங்களுக்குப் பலம்.

நடுவில் ஒரு கடிதம்: ரிவிஷன் ஆபரேஷன், அதாவது மறுபடி மாற்றும் ஆபரேஷன் செலவைக் கம்பெனியே ஏற்கும், கையெழுத்து போடுங்கள். மூன்றாம் பக்கத்தில், இனி எந்தக் கோரிக்கையும் எழுப்ப மாட்டேன் என்று ஒரு வரி. போட்டிருந்தால் கதை அன்றோடு முடிந்திருக்கும்.

வழக்குப் போடுவதற்கான காலக்கெடு விஷயத்தில்தான் தூக்கம் போனது. குறை தெரிந்த நாளிலிருந்து கணக்கு என்று நாங்கள் சொல்ல, முதல் டாக்டரிடம் போன நாளிலிருந்தே என்று எதிர்த்தரப்பு வாதாடியது. எடையைக் குறைக்கச் சொன்ன அந்தச் சீட்டு அப்போது உதவியது. அதில் இம்ப்ளான்ட் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

கடைசியில் சமரசம். தொகையைச் சொல்லக்கூடாது என்பது நிபந்தனை. வந்ததில் இன்ஷூரன்ஸ்காரர்கள் தங்கள் பங்கை முதலில் எடுத்துக்கொண்டார்கள். அதை யாரும் முன்னாலேயே சொல்லவில்லை.