ரேடியேட்டரை 40 மில்லிமீட்டர் முன்னால் தள்ளிய கதை

என் வண்டியில் என்ஜினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் இப்போது கம்பெனி வைத்த இடத்தில் இல்லை. முன்பக்கமாக 40 மில்லிமீட்டர், வலப்பக்கமாக 25 மில்லிமீட்டர் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது. அது விட்டுக்கொடுத்த மூலை வழியாக என்ஜினுக்குக் காற்று கொண்டுபோகும் 70 மில்லிமீட்டர் இன்டேக் பைப் போய், ஹெட்லைட்டுக்குப் பின்னால் இருக்கும் ஏர் ஃபில்டரைப் பிடிக்கிறது. வெளிக்காற்று நேராக என்ஜினுக்குள் போக வேண்டும் என்ற ஆசைதான் காரணம்.

ஆசை மட்டும் போதாது, அளவும் வேண்டும். வண்டியின் கம்ப்யூட்டர் தரும் அளவுகளைக் காட்டும் ஓபிடி ஸ்கேனரைச் செருகி, உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையைப் பல நாள் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். வெளியே 30 டிகிரி இருக்கும்போது, நெரிசலில் ஊர்ந்தால் இன்டேக் காற்று 60ஐத் தொடும். பழைய ஃபில்டர் பெட்டியின் வாய் ரேடியேட்டரின் மேல்விளிம்புக்குப் பின்னால் திறந்திருந்தது. ஃபேன் தள்ளிவிடும் அனலைத்தான் என்ஜின் மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தது. எல்லா வண்டியும் இப்படி இல்லை. பல வண்டிகளில் அந்த வாய் கிரில் ஓரமாகவே இருக்கும், குளிர்ந்த காற்று ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும். அந்த வண்டிகளில் ரேடியேட்டரைத் தொடுவது வீண் வேலை. முதலில் ஸ்கேனர், அப்புறம்தான் ஸ்பேனர்.

60 டிகிரிக் காற்று 30 டிகிரிக்கு இறங்கினால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். அதே கொள்ளளவில் ஆக்ஸிஜன் அவ்வளவு கூடுதல். இன்னொன்றும் உண்டு. காற்று சூடாக வந்தால் நாக்கிங்குக்கு (கலவை கட்டுப்பாடில்லாமல் தானே வெடித்து எரிவது) பயந்து, என்ஜினை ஆளும் கம்ப்யூட்டரான ஈசியூ இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விடும் நேரத்தை, பின்னுக்கு இழுத்துவிடும். ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது வண்டி சோர்வாகத் தெரிவதில் இதற்கும் பங்கு இருக்கிறது. பாதி மிதியில் ஓட்டுகிறவருக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இடம் எங்கிருந்து வந்தது? ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் ஏசி கண்டென்சருக்கும் பம்பருக்குள் இருக்கும் இரும்பு பீமுக்கும் நடுவில் 60 மில்லிமீட்டர் சும்மா கிடந்தது. அதில் 40 எடுத்துக்கொண்டேன். மீதியை விட்டதற்குக் காரணம், சின்ன இடிக்கே கண்டென்சர் நசுங்கக் கூடாது. பீமையும், பானட் லாக் இருக்கும் மேல் குறுக்குச் சட்டத்தையும் யாரும் வெட்டாதீர்கள். மோதும்போது உயிரைக் காப்பது அந்த இரும்பு. ஓடும்போது பானட் எழும்பாமல் பிடித்திருப்பதும் அதுதான். கண்டென்சரின் ஏசி ஹோஸ்களில் இந்த அளவுக்குத் தளர்வு இருந்ததால் கேஸை இறக்காமலே நகர்த்த முடிந்தது.

புது பிராக்கெட் செய்வதற்கு முன் அட்டையில் ரேடியேட்டர் அளவுக்கே வெட்டி வைத்துப் பார்த்தேன். பானட் மூடுகிறதா, ஹோஸ் வளைகிறதா, ஃபேன் மோட்டார் எங்கே இடிக்கிறது, எல்லாம் அட்டையே சொல்லிவிட்டது. பிராக்கெட்டில் பழைய ரப்பர் புஷ்களையே திரும்பப் போட்டேன். ரேடியேட்டரைச் சட்டத்தோடு இறுக்கி போல்ட் போட்டால் சட்டத்தின் முறுக்கமும் அதிர்வும் நேராகக் கோருக்கு (ரேடியேட்டரின் நடுவில் காற்று புகும் குழாய்-தகடு வலை) போய், டேங்க் சேரும் இடத்தில் விரிசல் விடும். அது மிதக்க வேண்டும்.

நான் அதிக நேரம் செலவழித்தது இடைவெளிகளை அடைப்பதில்தான். ரேடியேட்டர் வேலையிலேயே ஊறிய ஒரு அண்ணன் பிராக்கெட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, காத்து சுலபமான வழியிலதான் போகும். கோருக்குள்ள போகணும்னா மத்த வழிய எல்லாம் நீதான் அடைக்கணும்.” நகர்த்திய பிறகு இருபுறமும் மேலும் கீழும் புது இடைவெளிகள் வந்திருந்தன. ஓடும்போது காற்று கோரைச் சுற்றிக்கொண்டு அவ்வழியே நழுவும். நிற்கும்போது இதற்கு நேர்மாறு: பின்னால் தள்ளிய அனலை ஃபேனே அதே சந்து வழியாக முன்னுக்கு இழுத்து மறுபடி கோருக்குள் விடும். கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சூடேறும், ஏசி சோரும், ஃபில்டருக்கும் அந்த அனலே வந்து சேரும். ஆக ஒரே அடைப்பு மூன்றுக்கும் மருந்து. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் ஃபோம் பட்டை, பக்கங்களில் அலுமினியத் தகடு, தகட்டின் ஓரத்தில் ரப்பர் விளிம்பு. ஃபில்டருக்கும் தனித் தடுப்பு கட்டி, என்ஜின் பக்கத்தை முழுக்க மூடினேன். தடுப்பு இல்லாத ஃபில்டர் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் அனல் இன்டேக்தான்.

ஃபேனை மெலிதானதாக மாற்றினாலும் அதைச் சுற்றிய கூடான ஷ்ரவுடை விடவில்லை. ஷ்ரவுட் இல்லாவிட்டால் ஃபேன் தன் வட்டத்துக்கு நேரே உள்ள பகுதி வழியாகத்தான் காற்றை இழுக்கும், மூலைகள் சும்மா நிற்கும்.

அடுத்தது தண்ணீர் விஷயம். பானட் முன்னோக்கிச் சரிகிறது, எனவே முன்னால் தள்ளினால் ரேடியேட்டர் இறங்கியே ஆக வேண்டும். என்னுடையது 20 மில்லிமீட்டர் இறங்கியது. ரேடியேட்டர் மூடியின் இடம் இப்போது, கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் ஹவுசிங்கைவிட (கூட்டைவிட)த் தாழ்வு. காற்றுக்குமிழி உயரமான இடத்தில்தான் தங்கும், மூடி வழியாக வெளியேறாது. அப்படிக் காற்று அடைத்து ஏர் லாக் விழுந்தால் கேஜ் முள் சாதாரணமாகக் காட்டும்போதே சிலிண்டர் ஹெட் வெந்துகொண்டிருக்கலாம், ஏனென்றால் சென்சார் தண்ணீரில் நனைந்திருந்தால்தான் சரியாகச் சொல்லும். அதனால் எல்லாவற்றுக்கும் மேலே, என்ஜின் அறையைப் பிரிக்கும் ஃபயர்வால் பக்கத்தில், சூட்டில் பெருகும் கூலன்டுக்கு இடம் தரும், பிரஷர் தாங்கும் எக்ஸ்பான்ஷன் டேங்க் வைத்தேன். 1.1 பார் மூடி அங்கே போனது. ஹவுசிங்கிலிருந்து ஒரு மெல்லிய குழாய் டேங்கின் மேற்பகுதிக்கு, டேங்கின் அடியிலிருந்து ஒரு தடித்த குழாய் வாட்டர் பம்ப் இழுக்கும் பக்கத்துக்கு. தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் அந்த அழுத்தத்தில் 125 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். அந்த மூடி பழுதானால் பாதுகாப்பே போய்விடும், மூடியில் கஞ்சத்தனம் வேண்டாம்.

கீழ் ஹோஸைத் தனியாகக் கவனியுங்கள். அங்கே பம்ப் உறிஞ்சுகிறது. மெல்லிய ஹோஸ் போட்டால் அதிக ஆர்பிஎம்மில் சப்பிக்கொள்ளும். நேர் ஹோஸை வளைத்து மடிக்காமல், வளைவோடு வார்த்த ஹோஸையே தேடிப் பொருத்தினேன். நடுவே சேர்த்த அலுமினியக் குழாயின் இரு முனைகளிலும் மேடு எடுத்திருக்கிறது. மேடு இல்லாத குழாயிலிருந்து ஹோஸ் சூட்டில் வழுக்கி வெளியே வந்துவிடும்.

இன்டேக் பைப்பில் ஒரே ஒரு கட்டளை: உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உட்காரும் இடத்தின் உள்விட்டம் மாறக் கூடாது. மாறினால் ஈசியூ காற்றைத் தப்பாக எண்ணும், பெட்ரோல் கலவை தடுமாறும். நான் கம்பெனி சென்சார் ஹவுசிங்கையே பைப்பில் இணைத்தேன். ஃபில்டரையும் ஹெட்லைட் உயரத்துக்குக் கீழே இறக்கவில்லை. தேங்கிய தண்ணீரை என்ஜின் உறிஞ்சினால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடே வளைந்துவிடும்.

இப்போது வெளியே 30 என்றால் நெடுஞ்சாலையில் இன்டேக் 34ஐத் தாண்டுவதில்லை. நெரிசலில் 44 வரை ஏறுகிறது, நகர ஆரம்பித்ததும் சட்டென இறங்கிவிடுகிறது. கூலன்ட் நீண்ட ஏற்றத்திலும் 92, 93. பழைய இடத்தில் இருந்தபோதும் இதே அளவுதான், அந்த எண் மாறாமல் நின்றதில்தான் எனக்கு நிறைவு. அடுத்ததாக ரேடியேட்டருக்குக் கீழே 2 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் ஒரு தட்டு அடிக்கப் போகிறேன். அடிப்பக்கச் சந்து இன்னும் கொஞ்சம் திறந்திருக்கிறது, நெரிசலில் வரும் 44 அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.